லினன் முடிஞ்சு கம்பளி ஆரம்பிக்கற இடம்: ஒரு காப்டிக் வட்டத்த நெய்து பாத்த பதிவு

மியூசியத்துல காப்டிக் துணி (எகிப்து கிறிஸ்தவங்க காலத்து பழைய நெசவு) பாக்கறவங்க முக்கால்வாசி பேர் அத எம்ப்ராய்டரின்னு தான் நினைக்கிறாங்க. ஊசி வேலை இல்லைங்க அது. வெள்ளை லினன் (ஆளி நார் நூல்) தறியில நெய்துட்டு இருக்கும்போதே, வட்டமோ சதுரமோ வரவேண்டிய இடம் வந்ததும் லினன் ஊடைய (குறுக்க போற நூல்) அங்க நிறுத்திட்டு, அதே பாவு (தறியில நீளவாக்குல இழுத்து கட்டின நூல்) மேல சாயம் போட்ட கம்பளி நூல ஊடையா விட்டு முயல், சிங்கம், ஆடறவங்க, திராட்சக்கொடின்னு உருவம் கொண்டு வந்து, வட்டம் முடிஞ்சதும் திரும்ப லினனுக்கே போயிடுவாங்க. துணிக்கும் படத்துக்கும் ஒரே பாவு. கேக்கறதுக்கு சிம்பிளா இருக்கு, நெய்ய உக்காந்தா தான் தெரியுது இந்த ரெண்டு நெசவும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு. அந்த ஆகாத ரெண்ட ஒரே துணியில எப்படி சமாதானமா படுக்க வெச்சாங்கங்கறது தான் இந்த பதிவு முழுக்க.

பின்னணி கொஞ்சம் சொல்லிடறேன், வேணாம்னா தாண்டி போயிடுங்க. ரோமானிய காலத்து கடைசியில எகிப்துல மம்மி பண்ற பழக்கம் கொறைஞ்சு போய், செத்தவங்கள அவங்க உடுத்தின உடுப்போடயே பாலைவன மணல்ல பொதைக்க ஆரம்பிச்சாங்க. மழை கிடையாது, ஈரம் கிடையாது, அதனால ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு அப்பறமும் துணி துணியாவே இருக்கு. அக்மீம், ஃபயூம், சக்காரா, அண்டினோபோலிஸ் இதெல்லாம் பெரிய இடுகாடுகள். 1880கள்ல அக்மீம்ல தோண்ட ஆரம்பிச்சாங்க, அண்டினோபோலிஸ்ல 1896ல இருந்து ஆல்பெர் கயேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் தோண்டினார், அதுக்கெல்லாம் நடுவுல வியாபாரிங்களும் நொழைஞ்சாச்சு. அவங்க பண்ணின வேலை என்னன்னா கலர் இருக்கற வட்டத்தையும் பட்டையையும் மட்டும் கத்திரியால வெட்டி எடுத்துட்டு வெறும் வெள்ளையா இருந்த லினன தூக்கி போட்டுட்டாங்க. ஒரே உடுப்போட துண்டுகள் இன்னிக்கு வேற வேற நாட்டு மியூசியத்துல கெடக்கு, எந்த குழியில யார் மேல இருந்துச்சுன்னு எதுவும் தெரியாது, அதனால தான் ரொம்ப நாளா ஸ்டைல் பாத்தே காலம் சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப தான் கார்பன் 14 டெஸ்ட் பண்ணி சரி பாக்கறாங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது நஷ்டம். என்ன மாதிரி நெய்து பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு நஷ்டம் வேற மாதிரி: லினனும் கம்பளியும் சேர்ற விளிம்பு தான் இதுல தொழிலே, கத்திரி சரியா அங்க தான் பட்டிருக்கு.

வேலைக்காக கெய்ரோவுல இருக்கறதால எனக்கு ஒரு சௌகரியம், மெட்ரோவுல மார் கிர்கிஸ் ஸ்டேஷன்ல எறங்கினா எதிர்லயே காப்டிக் மியூசியம், மார்கஸ் சிமைக்கா 1908ல ஆரம்பிச்சது. ஆனா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மங்கின வெளிச்சத்துல இருக்கற துணியில பாவு எண்றது நடக்கற காரியம் இல்ல. சாயம் மங்கிடக்கூடாதுன்னு வெளிச்சத்த கொறைச்சு தான் வெப்பாங்க, நியாயம் தான். பாவு எண்ணினதெல்லாம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தோட போட்டோக்கள்ல, 2017ல இருந்து பொதுச்சொத்து படங்கள யார் வேணா எடுத்துக்கலாம்னு தெறந்து விட்டிருக்காங்க. நூல் நூலா தெரியற அளவுக்கு பெருசு பண்ணலாம். இதுல ஒரு விஷயம், முழுசா அழகா இருக்கற துண்டுகள்ல ஒண்ணும் கத்துக்க முடியாது, ஏன்னா கம்பளி பாவ முழுசா மூடியிருக்கும். பூச்சி அரிச்சு கருப்பு கம்பளி உதிர்ந்து போய் லினன் பாவு அம்மணமா நிக்கற துண்டுகள் தான் எனக்கு வாத்தியார். அங்க தான் பாவு ரெண்டு ரெண்டாவோ மூணு மூணாவோ சேந்து நிக்கறது கண்ணுக்கு தெரியுது.

இன்னொன்னு, மியூசியத்துல படம் நேரா நிக்கற மாதிரி மாட்டியிருப்பாங்க, அப்ப பாவு கிடைமட்டமா ஓடும். நெய்தவங்க அந்த உருவத்த படுத்த நிலையில தான் பாத்திருக்காங்க. காரணம் ட்யூனிக் (தலை வழியா மாட்டிக்கற அங்கி) நெய்யற விதம். அந்த காலத்து ட்யூனிக்க வெட்டி தைக்கறது கெடையாது, அகலமான தறியில ஒரு கைல ஆரம்பிச்சு, உடம்புக்கு வந்ததும் அகலத்த விரிச்சு, மறுகை வரைக்கும் ஒரே துண்டா சிலுவை வடிவத்துல நெய்து, எடுத்து தோள்ல மடிச்சு ரெண்டு பக்கமும் தைச்சா முடிஞ்சுது. கழுத்துக்கு கூட கத்திரி வேணாம், அந்த இடம் வந்ததும் ஊடைய ரெண்டா பிரிச்சு ஒவ்வொண்ணும் தன் பக்கமே திரும்பிட்டா பாவு வாக்குல ஒரு பொளவு தானா கெடைச்சுடும். இப்படி நெய்தா, போட்டுக்கறப்போ பாவு தோளோட தோள் ஓடும், ஊடை மேல கீழா ஓடும். தோள்ல இருந்து எறங்கற ரெண்டு பட்டையும் தறியில குறுக்கு பட்டை, அதனால நெய்ய ரொம்ப ஈஸி. படத்துல நிமிர்ந்து நிக்கற காலு, கையி, தூணு எல்லாமே தறியில படுக்கை கோடு. டேப்பிஸ்ட்ரி நெசவுல (பாவு தெரியாம மூடி, கலர் ஊடையாலயே படம் கொண்டு வர்ற நெசவு) படுக்கை கோடு லட்டு மாதிரி வரும், செங்குத்து கோடு தான் தலைவலி, ரெண்டு கலரும் அவங்கவங்க பக்கம் திரும்பறதால நடுவுல கிழிசல் மாதிரி பொளவு விழும். முன்ன பின்ன யோசிக்காம இப்படி வந்துச்சுன்னு என்னால நம்ப முடியல.

நான் எடுத்துக்கிட்டது சின்ன வேலை. 12 செ.மீ. விட்டத்துல ஒரு வட்டம், வெளிய கருங்கத்தரி கலர்ல அகலமான வளையம், அது மேல வெள்ளை லினன் நூல்ல பின்னல் முடிச்சு கோடு, நடுவுல வெள்ளையில கருங்கத்தரி கலர்ல ஓடற முயல் ஒண்ணு. முயல் இந்த துணிகள்ல நெறைய வரும், திராட்ச இலைய கடிச்சிட்டு, நாய்க்கு பயந்து ஓடிட்டு. கிறிஸ்தவ கதைகளும் உண்டு, யோசேப்ப அண்ணன்மாருங்க குழியில போட்டு வித்த கதைய ஒரே வட்டத்துக்குள்ள சின்ன சின்ன காட்சியா அடைச்ச துண்டுகள் பல மியூசியத்துல இருக்கு. கி.பி. 400 வாக்குல பொந்துஸ் பக்கம் (இன்னிக்கு துருக்கி) அமாசியாவுல ஆஸ்டீரியஸ்னு ஒரு பிஷப், இந்த படம் போட்ட உடுப்புக்காரங்கள பிரசங்கத்துல போட்டு கிழிச்சிருக்கார். சிங்கம், சிறுத்தை, கரடி, வேடன் போட்டு திரியறவங்களுக்கும் திட்டு, பக்தி இருக்குன்னு, இயேசு தண்ணிய திராட்சரசமா மாத்தின கலிலேயா கல்யாணத்தையும் தண்ணி ஜாடியையும் நெய்து போட்டுக்கறவங்களுக்கும் திட்டு, தெருவுல போறப்போ படம் எழுதின சொவரு நடக்கற மாதிரி இருக்குன்னு. அவர் எகிப்துக்காரர் இல்ல, ஆனா ஃபேஷன் அங்க வரைக்கும் ஒண்ணு தான் போல.

நூலுக்கு வருவோம். பாவுக்கும் லினன் ஊடைக்கும் 16/2 லினன் (16ம் நம்பர் நூல், ரெண்டு புரி), செ.மீ.க்கு 10 பாவு. எகிப்துல இடதுமுறுக்கு தான், அதாவது நூல நிமித்தி பிடிச்சா முறுக்கு எஸ் எழுத்தோட நடுக்கோடு மாதிரி சாயும், ஆளி நார் நனைஞ்சா இயல்பாவே அந்தப்பக்கம் தான் திரும்பும். இந்திய பருத்தி நூல் எதிர்ப்பக்கம், இசட் முறுக்கு. செங்கடல் துறைமுகம் பெரெனிகேல தோண்டினப்போ கெடைச்ச பருத்தி துணிகள்ல எது நம்ம பக்கத்துல இருந்து கப்பல்ல வந்ததுன்னு பிரிக்கறதுக்கு இந்த முறுக்கு ஒரு முக்கியமான அடையாளம். கடையில கெடைக்கற நூல் பெரும்பாலும் இசட்ல நூத்து எஸ்ல ரெண்டு புரி போட்டது. ஊடைக்கு அது பெரிய வித்தியாசம் பண்ணல, ஆனா வெள்ளை கோடு போடறதுக்கு முறுக்கு முக்கியம், அத கீழ சொல்றேன்.

சாயம். இந்த துணிகள்ல வர்ற ஊதா சங்கு ஊதா இல்ல, டெஸ்ட் பண்ணினதுல பெரும்பாலும் நீலச்சாயமும் மஞ்சிட்டி வகை வேரோட சிவப்பும் சேந்தது தான். உண்மையான கடல் சங்கு ஊதா வெல தெரியுமா, ரோமானிய பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301ல போட்ட வெலப்பட்டியல்ல சங்கு ஊதா கம்பளி ஒரு பவுண்டு 50,000 டெனாரி (ரோமானிய காசு), அதே பட்டியல்ல பண்ணை கூலியாளுக்கு ஒரு நாள் கூலி 25 டெனாரி. ரெண்டாயிரம் நாள் கூலி ஒரு பவுண்டு கம்பளிக்கு! 1909ல ஃப்ரீட்லேண்டர்னு ஜெர்மன் வேதியியல்காரர் 12,000 சங்குல இருந்து எடுத்தது 1.4 கிராம் சாயம். அதனால எகிப்து சாயக்காரங்க போலி ஊதாவுல பெரிய கில்லாடிங்க. எகிப்துல தீப்ஸ் பக்கம் கெடைச்ச ரெண்டு கிரேக்க பாப்பிரஸ் (நாணல் தாள்ல எழுதின சுவடி), ஒண்ணு லைடன்ல ஒண்ணு ஸ்டாக்ஹோம்ல இருக்கு, அதுல போலி ஊதாவுக்குன்னே செய்முறை மேல செய்முறை. நீலத்துக்கு அவங்க போட்டது வோட் செடி, ஸ்டாக்ஹோம் பாப்பிரஸ் சொல்ற முறை, வெயில்ல தொட்டி வெச்சு செடிய அடைச்சு, மூழ்கற அளவுக்கு மூத்திரம் ஊத்தி, 3 நாள் வெயில்லயே உள்ள எறங்கி மிதிக்கணும். அடுக்குமாடி வீட்டு பால்கனியில அத செய்ய முடியாது, செய்ய விடவும் மாட்டாங்க.

நான் பண்ணினது: அவுரி நீலப்பொடி 1 பங்கு, சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சக்கரை 3 பங்கு போட்டு வெந்நீர்ல தொட்டி. நீலம் தண்ணியில கரையாது, ஆக்சிஜன உருவி எடுத்தா தான் மஞ்சப்பச்சையா கரையும், அந்த வேலைய சக்கரை பாத்துக்கும், சுண்ணாம்பு காரத்த பாத்துக்கும். மேல செம்பு மினுக்கல்ல ஏடு படிஞ்சு, அத ஒதுக்கினா கீழ தெளிஞ்ச மஞ்சப்பச்சையா தெரிஞ்சா தொட்டி ரெடி. கம்பளிக்கு சுண்ணாம்பு ஆகாது, சொரசொரன்னு ஆக்கிடும், அதனால நீளமா ஊற வெக்காம குட்டி குட்டி முழுக்கா போட்டு, ஒவ்வொரு தடவையும் காத்துல விட்டு நீலமாக விட்டு, கடைசியில வினிகர் கலந்த தண்ணியில அலசினேன். நடுத்தர நீலத்துல நிறுத்திக்கணும், ரொம்ப இருட்டா போனா மேல போடற சிவப்பு தெரியாது.

சிவப்புக்கு மாட்டர் வேரு, மேல சொன்ன மஞ்சிட்டி வகை தான். இங்க நாட்டு மருந்து கடைகள்ல ஃபூவான்னு கேட்டா தருவாங்க, படிகாரம் ஷப்பா. கடைக்கார பெரியவர் "கிட்னி கல்லுக்காம்மா, இவ்ளோ எதுக்கு?"ன்னார், கம்பளிக்கு சாயம் போடன்னு சொன்னதும் நம்பல, கல்லுக்கு எப்படி குடிக்கணும்னு தான் சொல்லி அனுப்பினார். நீலம் போட்ட 100 கிராம் கம்பளிக்கு 15 கிராம் படிகாரம் போட்டு கொதிக்க விடாம சூடு பண்ணி ஆற விட்டு, அப்பறம் 100 கிராம் வேரு இடிச்சு ஊற வெச்ச தண்ணியில போட்டு 65ல இருந்து 70 டிகிரிக்குள்ள வெச்சேன். மாட்டர்ல சூடு தான் எல்லாம், தாண்டி போனா பழுப்பு எறங்கி சிவப்பு அழுக்காயிடும். தெர்மாமீட்டர் இல்லாம அந்த காலத்து ஆளுங்க கைய விட்டே பாத்திருப்பாங்க. வந்த கலர் நல்ல கருங்கத்தரி, நிழல்ல கருப்பு, வெயில்ல சிவப்பு எட்டி பாக்குது. கடைசி அலசல் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க, நீலம் தேச்சா ஒட்டற ஜாதி, வெள்ளை லினன் பக்கத்துலயே உக்காரப்போகுது.

தறின்னு பெருசா ஒண்ணும் இல்ல. 70க்கு 50 செ.மீ. மரச்சட்டம், மேல கட்டைய ரெண்டு பக்கமும் நீள போல்ட் வெச்சு தூக்கி எறக்கி இறுக்கற மாதிரி பண்ணிக்கிட்டேன், ஆணி மட்டும் அடிச்ச சட்டத்துல லினன் பாவு வேலைக்காகாது, லினன் இழுபடாத நூல், ஒரு பாவு தளர்ந்தா தளர்ந்தது தான். 24 செ.மீ. அகலம், 240 பாவு. விழுது (பாவ தூக்கற கண்ணி) நூல்லயே கட்டிக்கிட்டேன், ஒத்தை ஒரு குச்சி, ரெட்டை ஒரு குச்சி. வட்டம் வர்ற பகுதிக்கு மட்டும் ஜோடி ஜோடியா தூக்க தனியா இன்னொரு செட் விழுது. இது இல்லாம ஊசியால ஜோடி பொறுக்கி நெய்யலாம், ஆனா கண்ணு போயிடும்.

இப்ப விளிம்பு. லினன் நெசவுல பாவும் ஊடையும் சரிசமம், ரெண்டுமே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்கி வளைஞ்சு போகும். டேப்பிஸ்ட்ரியில பாவு விறைப்பா நேரா நிக்கும், கம்பளி மட்டும் தான் வளைஞ்சு சுத்தி போய் பாவ மூடும். வளையற பாவு நீளத்த தின்னும், நேரா நிக்கற பாவு தின்னாது. தறியில இறுக்கமா இருக்கற வரைக்கும் எல்லாம் தட்டையா அழகா தெரியும், அவுத்து எடுத்ததும் சுத்தி இருக்கற லினன் சுருங்கும், நடு வட்டம் சுருங்காது, அப்பளம் பொரிஞ்ச மாதிரி வட்டம் மேல உப்பிக்கும். சாம்பிள் துண்டு ஒண்ணு நெய்து எடுத்தப்போ அப்படியே வந்துச்சு. அடுத்த பிரச்சன, செ.மீ.க்கு 10 பாவு நெருக்கத்துல கம்பளிய அடிச்சு எறக்க எடம் இல்ல, பாவு மூடாம வெள்ளை வெள்ளையா பல்லிளிக்கும்.

ரெண்டாவது பிரச்சனைக்கு தான் அந்த ஜோடி. பாவ ரெண்டு ரெண்டா சேத்துட்டா செ.மீ.க்கு 5 தூண் தான், நடுவுல கம்பளி உக்கார எடம் கெடைச்சுடுது, செ.மீ.க்கு 24, 25 ஓட்டம் (ஊடை ஒரு தடவ குறுக்க போறது ஒரு ஓட்டம்) வரைக்கும் அடிச்சு எறக்க முடிஞ்சுது. பழைய துண்டுகள்ல மூணா சேத்ததும் இருக்கு, சிலதுல சில பாவ சேக்காம பின்னாடி சும்மா தொங்க விட்டுட்டு போயிருக்காங்க, அதுவும் எடம் பண்ற வழி தான். லினன்ல இருந்து ஜோடிக்கு ஒரே அடியா மாறினா அந்த இடத்துல சின்ன சின்ன ஓட்ட விழுந்துச்சு. அதுக்கு வழி ட்யூனிக்லயே இருக்கு, அந்த லினன்கள்ல ஒரே பொழுதுல (பாவு மேல கீழ பிரிஞ்சு ஊடைக்கு தெறக்கற சந்து) ரெண்டு மூணு ஊடை சேத்து போட்ட தடிச்ச வரி அலங்காரமா வரும், கலர் கெடையாது வெள்ளையில வெள்ளை. வட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த மாதிரி ஜோடி பொழுதுல ரெண்டு லினன் ஓட்டம் விட்டேன், பாவு ஜோடி சேந்து நிக்க பழகிக்கிச்சு, ஓட்ட இல்ல. பழைய துணியில அந்த தடிச்ச வரி அழகுக்கு மட்டும் தான் இருந்துச்சான்னு இப்ப சந்தேகமா இருக்கு.

வட்டத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கீழ் பாதியில வட்டம் மேல போக போக விரியும், அதாவது கம்பளி லினன் மேல வந்து உக்காரும், அதனால ரெண்டு பக்கமும் லினன முதல்ல நெய்து கிண்ணம் மாதிரி பள்ளம் விட்டுட்டு அப்பறம் கம்பளிய ரொப்பணும். பாதிக்கு மேல தலைகீழ், கம்பளி மேட்ட முதல்ல கட்டிட்டு லினன ரெண்டு பக்கமும் எறக்கணும். கிண்ணத்துல முதல் சில கம்பளி ஓட்டத்த நேரா விடாம பள்ளத்தோட வளைவுலயே படுக்க விட்டா விளிம்பு படிக்கட்டு படிக்கட்டா தெரியாம ஒழுகி வருது. காப்டிக் நெசவுல ஊடை இப்படி வளைஞ்சு போறது சகஜம், பாவுக்கு செங்கோணத்துல தான் போகணும்னு எந்த கட்டாயமும் அவங்களுக்கு இல்ல, முயல் முதுகு வளைஞ்சா ஊடையும் கூடவே வளையும். அந்த உயிர் நேர்கோட்டு நெசவுல வராது. லினன் 2 ஓட்டத்துக்கு கம்பளி 5, இந்த கணக்கு தப்பாம போனா ரெண்டு பக்கமும் சம ஒசரத்துல ஏறும். கம்பளிய இழுத்து விடக்கூடாது, வில்லு மாதிரி வளைச்சு விட்டு சீப்பால தட்டணும், இல்லன்னா வட்டம் இடுப்பு சிறுத்துடும். சீப்பு மரத்துல, அந்த காலத்து சீப்புகளும் மரத்துல தான் கெடைச்சிருக்கு.

உப்பற பிரச்சனைக்கு நான் பண்ணினது நடு பாவ மட்டும் கூடுதலா இறுக்கறது. கிண்ணம் நெய்து முடிச்சதுமே ஓரத்து பாவு விண்ணுன்னும் நடு பாவு கொஞ்சம் சோம்பலாவும் நிக்கறது விரல்ல தட்டினாலே தெரியும். மேல் கட்டை கிட்ட நடு பாவுக்கு அடியில ஒரு மெல்லிசு மூங்கில் குச்சி சொருகினேன், வட்டம் ஏற ஏற அது மேல இன்னொண்ணு. மிச்ச நீளத்த குச்சி தின்னுடுது. பழைய தறியில என்ன பண்ணினாங்கன்னு துணியில எழுதியிருக்காது, ஆனா அவங்க ரெண்டு மீட்டருக்கு மேல அகலம் உள்ள தறியில, ஒரே வரிசையில நாலு வட்டம் வர்ற துணியில இத சமாளிச்சிருக்காங்க, நான் ஒரு முயலுக்கே குச்சி சொருகிட்டு உக்காந்திருக்கேன்.

முயல் தறியில செங்குத்தா, வால்ல ஆரம்பிச்சு மூக்குல முடியும். காலு நாலும் படுக்கை கோடு, கேக்காமயே வந்துடுச்சு. காது தான் சோதனை, பின்னாடி சாஞ்ச நீள காது பாவு வாக்குல போகுது, ரெண்டு காதுக்கும் நடுவுல, காதுக்கும் முதுகுக்கும் நடுவுல பொளவு. ரெண்டு மூணு மி.மீ. பொளவ அப்படியே விட்டேன், பழையவங்களும் விட்டிருக்காங்க, தூரத்துல இருந்து பாத்தா அந்த பொளவே நிழல் கோடா தெரியுது. நீளமானத மட்டும் பின்னாடி தைச்சேன். நடு வட்டத்து வெள்ளைக்கு கம்பளி இல்ல, மெல்லிசு ஒத்தை புரி லினன் தான், இந்த துணிகள்ல வெள்ளை பெரும்பாலும் லினன். அது கம்பளி மாதிரி பொசபொசன்னு பரவாது, பாவ மூட கூடுதலா ஓட்டம் கேக்கும், அதனால முயலுக்கும் வெள்ளைக்கும் ஒசரம் ஒத்து போக அடிக்கடி நிறுத்தி நிறுத்தி நெரப்பணும்.

வெள்ளை கோடு பத்தி சொல்லாம முடியாது. கருங்கத்தரி வளையத்து மேல அந்த மெல்லிசு பின்னல் கோடுகள், முயலோட கண்ணு, விலா எலும்பு, இதெல்லாம் ஊடை இல்ல. தனியா ஊசியில கோத்த லினன் நூல், நெசவு ஏற ஏற அதுவும் கூடவே ஏறும். கம்பளி சில ஓட்டம் போனதும் ஊசிய எடுத்து ரெண்டு ஜோடி பாவு மேல தாண்டி ஒண்ணுக்கு அடியில திரும்பி ஒரு சுத்து, அப்பறம் நூல தொங்க விட்டுட்டு கம்பளி, திரும்ப ஒரு சுத்து. கோடு எந்தப்பக்கம் சாயணும்ங்கறது எத்தன ஓட்டத்துக்கு ஒரு தடவ நகர்றோம்ங்கறதுல இருக்கு. என் நெருக்கத்துல 5 ஓட்டத்துக்கு ஒரு ஜோடி நகர்ந்தா கிட்டத்தட்ட 45 டிகிரி, 2 ஓட்டத்துக்கு ஒண்ணுன்னா படுத்துக்கும், நகராம மேலயே போனா செங்குத்து. இந்த கணக்கு கைக்கு வந்ததுக்கு அப்பறம் பேப்பர்ல வரைஞ்சத பாக்கவே தேவப்படல. அதே மியூசியத்து துண்டுகள இப்ப பாத்தா கோடு கொஞ்சம் நடுங்கற இடத்துல நெய்தவங்க எத்தன ஓட்டத்த கூட விட்டுட்டாங்கன்னு தெரியுது.

முறுக்கு சமாச்சாரம் இங்க தான் வருது. பாவ சுத்தறப்போ ஒவ்வொரு சுத்துக்கும் நூல் கொஞ்சம் முறுக்கு ஏறும், இல்ல எறங்கும், எந்தப்பக்கம் சுத்தறோம்ங்கறத பொறுத்து. என் கடை நூல் ஒரு பக்கமா போறப்போ பிரிஞ்சு ரெண்டு புரியும் தனித்தனியா பிளந்து கோடு மொழுக்குன்னு ஆயிடுச்சு, எதிர்ப்பக்கமா சுத்தினா இறுகி கம்பி மாதிரி கூர்மையா நின்னுச்சு. அதனால வளையத்துல ரெண்டு கோடு பின்னிக்கற இடத்துல ரெண்டுமே இறுகற பக்கமா சுத்தற மாதிரி ஊசி நொழையற திசைய மாத்திக்கிட்டேன். இழுப்பும் பாக்கணும், ரொம்ப இழுத்தா ஜோடி ரெண்டும் கிள்ளி பிடிச்ச மாதிரி சேந்து வளையம் நசுங்கும், விட்டா கோடு துணி மேல நூலாம்படை மாதிரி மெதக்கும்.

அவுத்து எடுத்து வெதுவெதுப்பு தண்ணியில கசக்காம ஊற வெச்சு, பலகையில குண்டூசி குத்தி காய விட்டேன். லினன் தளர்ந்து கம்பளி கொஞ்சம் பொங்கி பாவ நல்லா மூடிக்கிச்சு. உப்பல் முழுசா போகல, கையால தடவினா ஒரு பக்கம் லேசா மேடு தெரியும், குச்சி சொருகறதுக்கு முன்னாடி நெய்த கீழ் பாதி அது. மேல் பாதி தட்டை. வட்டம் பாவு வாக்குல 11.6, ஊடை வாக்குல 12.1 செ.மீ., அளவுகோல் வெச்சா தான் கோணல் தெரியுது. பின்பக்கம் பாத்தா முயல் அப்படியே இருக்கு, வெள்ளை கோடு மட்டும் அங்கங்க தாவி தாவி போயிருக்கு.

நெய்ய நினைக்கறவங்க யாராச்சும் இருந்தா வட்டத்துல ஆரம்பிங்க, சதுரம் வேணாம். பாக்க சதுரம் லேசு மாதிரி இருக்கும், ஆனா அதோட ரெண்டு பக்கமும் பாவு வாக்குல நேர் கோடு, லினனும் கம்பளியும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒட்டாம நீளப் பொளவா நிக்கும். வட்டத்துல விளிம்பு ஒவ்வொரு சில ஓட்டத்துக்கும் ஒரு பாவு நகர்ந்துட்டே இருக்கறதால பொளவு தானா மூடிக்கும். சதுரத்துக்கு ரெண்டு ஊடையும் ஒரே பாவ மாத்தி மாத்தி சுத்தி பல்லு கோத்த மாதிரி நெய்யணும், 10க்கு 25ங்கற கணக்குல அது எப்படி மேடு தட்டாம வரும்னு சாம்பிள் போட்டுட்டு இருக்கேன், ஒரு லினன் பல்லுக்கு ரெண்டு கம்பளி, அடுத்ததுக்கு மூணுன்னு மாத்தி விட்டா தான் படியுது.